களப்பில் ஓடும் சிறு பாய்க்கலமும் அதன் செட்டையும்

நமது பழைய மாணவர் சங்கத்தார் தம் விழா மலருக்குக் கட்டுரையொன்று தருக எனக் கேட்டபொழுது, தமிழாசிரியன் ஒருவன் காப்பியம் பற்றியோ சமயகுரவர் பற்றியோ எழுதுவான் என்றே எண்ணியிருப்பர். நானோ நீருக்கடியில் மறைந்து கிடக்கும் ஒரு சாண் அகலமுமில்லாத பலகையைப் பற்றி எழுதப் புகுந்தேன். அதற்குக் காரணம் உண்டு. கடல்கடந்து வாழும் நம் பழைய மாணவர் ஒருவர், மாணவர் மாதிரிப் பாய்க்கலம் கட்டி ஓட்டுதற்கென வானொலிக் கருவித் தொகுதியொன்றை வாங்கி அனுப்பியிருந்தார். அப்பொருள் முதல் நாளிலேயே களப்பிற் போய்த் தொலையவிருந்தது. அது ஏன், எவ்வாறு தப்பியது என்பதைச் சங்கத்தாருக்குச் சொல்லக் கடமைப்பட்டவன் நான். பௌதிகம் எனக்குரிய பாடம் அன்று. எனினும், பிழை நேர்ந்த இடத்திற் பொறுப்பாசிரியனாக நின்றவன் நானேயாதலின், அப்பிழையின் காரணத்தைக் கற்றறியும் பொறுப்பும் எனதாயிற்று.

வானொலியால் இயக்கப்படும் பாய்க்கலத்துக்கு இயந்திரம் இல்லை. அதனை ஓட்டுவது காற்றே. கரையில் நிற்பவன் கையிலுள்ள பெட்டியினாற் செய்யத்தக்கவை இரண்டு: சுக்கானைத் திருப்பலாம், பாயை இழுத்துக் கட்டலாம், அல்லது இளக்கி விடலாம். ஏனைய யாவும் கலத்தின் அமைப்பைப் பொறுத்தவை. உலகெங்கும் மிகுதியாக ஓட்டப்படும் 'ஒரு மீற்றர்' வகுப்புக் கலத்துக்கு 1988 ஆம் ஆண்டில் விதிகள் வகுக்கப்பட்டன. உடலின் நீளம் ஒரு மீற்றருக்கு மேற்படலாகாது. நீரின் கீழ் ஆழம் 420 மில்லிமீற்றருக்கு மேற்படலாகாது. முழு நிறை 4 கிலோகிராமிற் குறையலாகாது. இந்நிறையிற் பாதிக்கு மேற்பட்டது நீருக்கடியிலே தொங்கும் ஈயக்குண்டே. உடலையும் ஈயத்தையும் இணைத்து நிற்பது மெல்லிய செங்குத்தான பலகை. மீனின் செட்டையை ஒத்திருத்தலால் எம் மாணவர் அதனைச் செட்டை என்றே வழங்கினர். நானும் அவ்வாறே வழங்குகின்றேன்.

செட்டையின் வேலை ஈயத்தைத் தாங்குவது மட்டும் என எண்ணுதல் பெரும்பிழை. அப்பிழையைத்தான் நாங்கள் செய்தோம். காற்று வீசும் திசைக்கே கலம் செல்வதாயின் செட்டை இன்றியும் செல்லும். காற்றுக்குச் சாய்வாக எதிரேறிச் செல்ல வேண்டுமாயின், பாயில் மோதும் காற்று கலத்தைப் பக்கவாட்டில் தள்ளும். அத்தள்ளுதலை எதிர்த்து நிற்பது செட்டையே. எதிர்த்து நிற்றலாவது சுவர்போல் நிற்றலன்று. கலம் தன் முகம் நோக்கும் திசையினின்றும் மூன்று, நான்கு அல்லது ஐந்து பாகை விலகி, சற்றே பக்கமாகச் சறுக்கிச் செல்கின்றது. இதனாற் செட்டையை நீர் சிறு கோணத்திற் சந்திக்கின்றது. அவ்விடத்து ஆகாயவிமானத்தின் சிறகில் எழும் ஏற்றவிசை போன்றதொரு விசை, இங்கே பக்கமாக எழுகின்றது. செட்டை என்பது நிமிர்த்தி நீருள் நட்ட சிறகென்க. சிறகாயின் அதற்குச் சிறகின் இலக்கணமும் உண்டு. அவ்விலக்கணத்தின் தலையாய அதிகாரம் அதனைக் குறுக்கே அறுத்தாற் காணப்படும் வெட்டுமுகம்.

இனி நடந்ததைக் கூறுவேன். கலத்தின் உடலை மாணவர் ஐவர் எமது தொழிற்கூடத்திற் செய்தனர். அவருள் ஒருவன் மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. எழுவாய் பயனிலை என்றால் தலைகுனிபவன், சீவுளியைக் கையிலெடுத்தால் தலைநிமிர்ந்து விடுவான். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திக் கடலுக்குப் போவதென அவன் வீட்டில் முடிவாகியிருந்தது. செட்டையைச் செய்தவனும் அவனே. ஆனால் அளவு சொன்னவன் நான். இரண்டு கிலோவுக்கு மேற்பட்ட ஈயத்தைத் தாங்க வேண்டுமே என்றஞ்சி, 75 மில்லிமீற்றர் அகலமுள்ள செட்டைக்கு நடுப்பருமன் 11 மில்லிமீற்றர் வேண்டுமென்றேன். அவன் ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தான். ஆசிரியர் சொல்லாதலின் மறுத்திலன்.

மாசி மாதத்து விடியற்பொழுது. வாடை அடங்கி மென்காற்றாய் வந்துகொண்டிருந்தது. புத்தளக் களப்பு கண்ணாடிபோற் கிடந்தது. கலம் கரையைவிட்டு அழகாகவே சென்றது. திருப்பிக் கரைநோக்கிக் காற்றுக்கு எதிரேற்றியபோதுதான் குறை தெரிந்தது. முகம் கரையை நோக்கியிருக்க, உடல் நண்டுபோற் பக்கமாக நகர்ந்து கண்டற்காட்டை நோக்கிப் போயிற்று. சுக்கானைச் சிறிது திருப்பினால் எவ்வித மாற்றமுமில்லை. பெரிதும் திருப்பினால் கலம் அவ்விடத்தே நின்றுவிடும். பாயிற் பிழை என்றான் ஒருவன். மின்கலம் தளர்ந்தது என்றான் மற்றொருவன். முடிவில், கண்டல் வேரிடை யாரோ கட்டியிருந்த வலையிற் சிக்கிய கலத்தை, இடுப்பளவு நீரில் நடந்து சென்று தூக்கி வந்தோம். நீர் கருவிப் பெட்டிக்குள் ஒரு விரற்கடை ஏறியிருந்தது. வலைக்காரர் கோபிக்காமல் செட்டையைத் தடவிப் பார்த்து, "பலகை கொழுத்துப் போச்சுது, வாத்தியார்" என்றார். அச்சொல்லின் பொருளை முழுதும் உணர எனக்கு மூன்று மாதம் பிடித்தது.

பொருள் இதுவே. 1883 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மஞ்செஸ்டர் நகரில் ஒஸ்போர்ண் றெனோல்ட்ஸ் என்னும் பேராசிரியர், கண்ணாடிக் குழாயில் ஓடும் நீரிற் சாயமிழையை விட்டு ஆராய்ந்தார். வேகம் குறைவாயிருக்கையிற் சாயம் நூல்போல் நேரே சென்றது. வேகம் மிகுந்தபோது குழம்பிக் கலைந்தது. முன்னதை அருவிக்கோட்டுப் பாய்ச்சல் என்றும் பின்னதைக் கொந்தளிப்புப் பாய்ச்சல் என்றும் நம் மாணவர் படிக்கின்றனர். எது நிகழும் என்பது வேகத்தை மட்டும் பொறுத்ததன்று. வேகத்தைப் பொருளின் அளவாற் பெருக்கி, பாய்பொருளின் பிசுக்குத்தன்மையாற் பிரித்து வரும் எண்ணே அதனை நிச்சயிக்கும். அவ்வெண் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

சிறு விமானமொன்றின் சிறகுக்கு இவ்வெண் ஏறத்தாழ ஐம்பது இலட்சம். நம் களப்போரத்தில் 2010 ஆம் ஆண்டு முதல் எழுந்து நிற்கும் காற்றாலைகளின் அலகுநுனிகளுக்கும் இவ்வெண் பல இலட்சங்களே. எம் செட்டைக்கோ, வினாடிக்கு அரை மீற்றர் வேகத்தில், நாற்பத்தையாயிரம் மட்டுமே. மாணவர்க்கு எளிய வாய்பாடொன்று தருவேன்: வேகத்தை வினாடிக்கு மீற்றரிலும் செட்டையின் அகலத்தை மில்லிமீற்றரிலும் எடுத்துப் பெருக்கி, வருவதை 1,200 ஆற் பெருக்குக. இவ்வாயிரத்து இருநூறு நம் களப்பின் வெதுவெதுப்பான நீருக்கு உரியது. இங்கிலாந்தின் குளிர்காலக் குளத்தில், பத்துப் பாகை வெப்பநிலையில், அது 760 அளவே ஆகும். குளிர்ந்த நீர் பிசுக்கு மிகுந்தது என்பதே காரணம். ஆகவே அந்நாட்டார் எழுதிய நூல்களைப் படித்துச் செட்டை செய்வோர், அதே கலம் அதே வேகத்தில் நம் நீரில் ஓடும்போது அவ்வெண் ஒன்றரை மடங்காகும் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். இவ்வகையில் நம் கடற்கரைக்கு இயற்கை சிறிது சலுகை செய்திருக்கின்றது.

சிறிய எண்ணிற் கேடு என்ன? செட்டையின் மேற்பரப்பை ஒட்டி ஓடும் நீர்ப்படலம் முன்விளிம்பிலிருந்து பருத்த இடம்வரை விரைந்து செல்கின்றது. ஆங்கே அமுக்கம் குறைகின்றது. பருத்த இடம் கடந்தபின் பின்விளிம்பு நோக்கிச் செல்லுகையில் அமுக்கம் மீளவும் ஏறுகின்றது. அஃதாவது, அப்படலம் மேடேற வேண்டியதாகின்றது. கொந்தளிப்புள்ள படலம் வெளியே ஓடும் விரைந்த நீரோடு கலந்து வலுப்பெற்று மேடேறிவிடும். அருவிக்கோட்டுப் படலத்துக்கு அவ்வலுவில்லை. சிறிய எண்களில் படலம் பெரும்பாலும் அருவிக்கோட்டு நிலையிலேயே இருத்தலால், பாதி மேட்டிலே இளைத்து, பரப்பைவிட்டுப் பிரிந்துவிடுகின்றது. பிரிந்த இடத்தின் பின்னே நீர் சுழன்று கிடக்க, தடை மிகும், பக்கவிசை குன்றும். செட்டை எவ்வளவு பருத்ததோ அவ்வளவு செங்குத்தானது அம்மேடு. 'கொழுத்த பலகை' என்ற வலைக்காரர் சொல்லின் விரிவுரை இதுவே.

சுக்கான் சிறிது திரும்பியும் கலம் திரும்பாமைக்கும் காரணம் இதனுள் அடங்கும். பருத்த சமச்சீர் வெட்டுமுகத்தில் இருபக்கத்திலும் படலம் பிரிந்திருக்கும்போது, ஓரிரு பாகை திருப்புவதால் இருபுறத்து அமுக்கத்திலும் வேறுபாடு தோன்றுவதில்லை. சிலவேளை விசை எதிர்ப்பக்கத்திற்கூடத் தோன்றும். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் செலிக், டொனொவன், ஃபிரேசர் ஆகியோர் மாதிரி விமானச் சிறகுகளைக் குறைந்த வேகத்திற் சோதித்து 1989 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டனர். வால்சிறகுகளில் இவ்வாறான செயலற்ற இடைவெளி உண்டாவதை அவர்கள் கண்டு, அக்குறையைத் தவிர்ப்பதற்கென வகுத்த முகமே 'எஸ். டி. 8020' என்பது. அதன் பருமன் அகலத்தில் நூற்றுக்குப் பத்து. மாதிரிப் பாய்க்கலக்காரர் பலர் அதனை விரும்பிக் கையாண்டனர்.

இதற்கு நெடுங்காலம் முன்னரே, 1942 ஆம் ஆண்டில், ஜேர்மானியரான ஷ்மிட்ஸ் என்பார், பெரிய விமானங்களுக்குச் சிறந்த பருத்த சிறகுமுகம் ஒன்று மாதிரி விமானத்தின் அளவிற் படுதோல்வியுறுவதையும், மெல்லிய தட்டைப் பலகை அதனை வெல்வதையும் சோதனையாற் காட்டியிருந்தார். யானைக்குரிய கவசத்தை எறும்புக்கு இட்டாற்போல என்று நான் வகுப்பிற் சொல்வதுண்டு.

வெட்டுமுகங்களின் பெயர்களைக் கண்டு மாணவர் மலைக்க வேண்டா. 'நாக்கா' என்பது அமெரிக்க அரசு விமானவியல் ஆராய்ச்சிக் குழுவின் சுருக்கப்பெயர். அக்குழுவினர் 1933 ஆம் ஆண்டில் 78 முகங்களைச் சோதித்து வெளியிட்ட அறிக்கையில் நான்கு இலக்கப் பெயர்முறையைக் கையாண்டனர். முதலிரு இலக்கம் சுழியாயின், அம்முகம் இருபுறமும் ஒத்தது; வளைவில்லாதது. இறுதி இரண்டு இலக்கமும் பருமனை நூற்றுவீதத்திற் கூறும். நாக்கா 0012 என்றால் 100 மில்லிமீற்றர் அகலத்துக்கு 12 மில்லிமீற்றர் பருமன். எம் முதற் செட்டை இவ்வகையிற் பதினான்கைத் தாண்டிய கொழுப்புடையது! கலம் இருபுறக் காற்றிலும் ஓட வேண்டியிருத்தலின் சமச்சீர் முகமே நமக்கு வேண்டப்படுவது. பின்னர், 1986 இல் மசச்சூசெட்ஸ் தொழினுட்பக் கழகத்தைச் சேர்ந்த மார்க் டிரெலா எழுதிய கணினி நிரல், சிறிய எண்களிற் படலம் எங்கே பிரியும் எனக் கணித்துக் காட்டும் ஆற்றல் வாய்ந்தது. 1988 இல் ஒரு மனிதன் தன் கால்வலியால் மிதித்தே கிரீட் தீவிலிருந்து சாந்தோரினித் தீவுவரை 115 கிலோமீற்றர் பறந்த டெடலஸ் விமானத்தின் சிறகுமுகங்களை வகுத்தவரும் அவரே. அவர் மாதிரி விமான வால்களுக்கென வகுத்த மிகமெல்லிய முகங்களும் இன்று செட்டைகளுக்கு எடுத்தாளப்படுகின்றன.

அப்படியாயின் செட்டையைக் கத்திபோல் மெல்லியதாகச் செய்துவிடலாமே என்பீர்கள். அங்கேதான் இடர். ஒன்று, வலு. பலகையின் விறைப்பு பருமனின் முப்படியாய் மாறும். ஒன்பது மில்லிமீற்றரை ஆறாக்கினால் விறைப்பு மூன்றில் ஒன்றுக்கும் குறைந்துவிடும், ஈயக்குண்டு ஊசலாடும், செட்டை முறுக்கிக்கொள்ளும். இரண்டு, மெல்லிய முகத்துக்குப் பொறுமை இல்லை. சிறு கோணத்தில் நன்று செய்யும். கோணம் மிகுந்தால் முன்விளிம்பிலேயே நீர் பிரிந்து விசை திடீரென இழக்கப்படும். கலம் காற்றைக் கடந்து மறுபக்கம் திரும்பும் தறுவாயில் இது நேரும். செட்டையின் விசை வேகத்தின் இருபடியாய் மாறுவது. திரும்பி முடித்த கலத்தின் வேகம் பாதியாயிருந்தால் அதே கோணத்தில் விசை காற்பங்கே. பாயோ முழுவலுவோடு தள்ளுகின்றது. ஆகவே கோணம் மிகுகின்றது, செட்டை விசையிழக்கின்றது, கலம் சறுக்குகின்றது. கைதேர்ந்த ஓட்டி திரும்பியவுடன் பாயைச் சற்று இளக்கி, முகத்தைக் காற்றிலிருந்து விலக்கி, வேகம் கூடியபின்னரே எதிரேற்றுவான். இதனை மாணவர்க்குப் பழக்குவது வெட்டுமுகம் தெரிவதினும் கடினமாயிருந்தது. இளைஞர் பொறுமையும் மெல்லிய முகத்தின் பொறுமையும் ஒன்றே.

என் துணிபு இது: மென்காற்று மிகுந்த நீருக்கு ஆறு அல்லது ஏழு நூற்றுவீதம்; சோழகக்காற்று உரக்க வீசும் வைகாசி முதல் புரட்டாதி வரையிலான காலத்துக்கும், கற்றுக்கொள்ளும் மாணவர்க்கும் எட்டு. ஒன்பதுக்கு மேற் செல்ல வேண்டா. கற்பிட்டியில் அக்காலத்துப் பிற்பகற் காற்று எத்தகையது என்பதைப் பட்டப்பலகையேறி விளையாட வரும் பிறநாட்டாரைக் கேட்டால் தெரியும்.

இரண்டாவது செட்டையை நாக்கா 0008 முகத்திற் செய்தோம். அளவுகளை இங்கே தருகின்றேன். செய்ய விரும்புவோருக்குப் பயன்படும். அகலம் 75 மில்லிமீற்றராயின், முன்விளிம்பிலிருந்து 3.75 மில்லிமீற்றர் தூரத்தில் முழுப்பருமன் 3.6, 7.5 இல் 4.7; 22.5 இல் 6.0, இதுவே உச்சம், 37.5 இல் 5.3, 52.5 இல் 3.7; 67.5 இல் 1.4. முன்விளிம்பின் வளைவாரை அரை மில்லிமீற்றரிற் சிறிது கூடும். இந்த அரை மில்லிமீற்றரே உயிர்நிலை. அதனைக் கூராக்கினால் விசையிழப்பு முந்தும். தட்டையாக்கினால் தடை மிகும். தகரத்தில் இம்முகத்தின் பாதியை வெட்டி அச்சாகப் பிடித்துப் பார்த்து, வேணியர் இடுக்கியால் அளந்து அளந்து தேய்த்தல் வேண்டும். பின்விளிம்பை அரை மில்லிமீற்றர் பருமனில் சதுரமாக விடுதல் நன்று. அதனினும் மெல்லியதாக்கினால் பறபறவென அதிரும், உடையும்.

இவ்வளவு மெல்லிய மரம் ஈயத்தைத் தாங்குமோ என்ற என் பழைய அச்சத்தைத் தீர்த்தவனும் அம்மாணவனே. நம் கரையோரத்திற் படகுகள் பைபரால் ஆனவையாக மாறிவிட்டன. அவற்றுக்கு ஒட்டுப்போடும் கைவேலைக்காரர் ஊர்தோறும் உளர். தன் சிறிய தந்தையிடம் கண்ணாடி நார்த்துணியும் பிசினும் வாங்கி வந்து, மெல்லிய மரக் கருவின்மேல் இருபுறமும் போர்த்து, பலகையிடை இறுக்கி ஓரிரவு வைத்தான். நார்இழை நீளவாட்டில் ஓட வேண்டும் என்பதும் முறுக்கைத் தடுக்கச் சாய்வாக ஒரு படை வேண்டும் என்பதும் அவனுக்கு எவரும் சொல்லாமலே தெரிந்திருந்தன. காபன் நார் இன்னும் விறைப்பானது, விலையும் அவ்வாறே.

இரு செட்டைகளுள் எது மேல் என அறிய விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஒரு நேரான தடியின் இரு முனையிலும் ஒவ்வொன்றைச் செங்குத்தாக நீருள் இறங்குமாறு கட்டி, தடியின் நடுவிற் கயிறிட்டு, வள்ளத்தின் பக்கத்தே மெல்ல இழுத்தோம். தடை மிகுந்த முனை பின்தங்கும். மெதுவாகத் துடுப்பு வலித்தபோது பழைய செட்டை தெளிவாகவே பின்தங்கிற்று. விரைந்து வலித்தபோது அவ்வேறுபாடு சுருங்கிற்று. வேகத்தோடு றெனோல்ட்ஸ் எண் ஏற, பருத்த முகத்தின் குறை குறையும் என்று நூலிற் படித்ததைக் கண்ணாற் கண்டோம். அன்று நான் தமிழாசிரியன் என்பதை மறந்து கைதட்டியதை மாணவர் இன்றும் சொல்லிச் சிரிக்கின்றனர்.

பழமையைப் பற்றி ஒரு சொல். கரிகாலனின் முன்னோன் ஒருவன் காற்றை ஏவல்கொண்டு கடலில் நாவாய் ஓட்டியதை வெண்ணிக்குயத்தியார் புறநானூற்றின் 66 ஆம் பாட்டிற் குறிப்பிடுவதால், நம்மவர் அனைத்தையும் அன்றே அறிந்திருந்தனர் என முடிவுகட்டுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. ஆயினும் நம் மாவட்டத்தின் தென்கரையில், சிலாபத்திலிருந்து நீர்கொழும்பு வரை, ஒருபக்கத்தே மிதப்புமரம் கட்டிய பாய்வள்ளம் ஓடியதைப் பழைய மாணவர் பலர் கண்டிருப்பர். சிங்களத்தில் அதனை ஒருவ என்பர். அது மற்றைக் கலங்கள்போற் காற்றைக் கடந்து திரும்புவதில்லை. மிதப்புமரம் எப்பொழுதும் காற்று வரும் பக்கமே நிற்க வேண்டுமாதலால், பாயை மாற்றி, பின்னணியத்தையே முன்னணியமாக்கிக்கொண்டு எதிர்த்திசையில் ஓடும். அத்தகைய கலத்தில் நிலைத்து நிற்கும் பலகைக்கு மழுங்கிய முன்விளிம்பும் மெலிந்த பின்விளிம்பும் பொருந்தா; இன்று முன் நிற்பது நாளை பின் ஆகுமே! அதற்கு ஏற்றது இருமுனையும் ஒத்த வில்லைவடிவம். எம் கலத்துக்கோ வலமும் இடமும் ஒத்தல் வேண்டும், முன்னும் பின்னும் வேறாதல் வேண்டும். இவ்விரு சமச்சீரையும் கரும்பலகையில் அருகருகே வரைந்தபோது கணித ஆசிரியர் எட்டிப் பார்த்துச் சென்றார்.

சுக்கானைப் பற்றிச் சிறிது. அதன் அகலம் 45 மில்லிமீற்றரே; ஆகவே மென்காற்றில் அதன் எண் 27,000 அளவுக்கு வீழ்கின்றது. அதனால் மெல்லிய முகம் வேண்டும் என்று ஒரு நியாயம். அதிகக் கோணத்தில் திருப்பப்படுவது அதுவேயாதலின் உருண்ட முன்விளிம்பு வேண்டும் என்பது மற்றொரு நியாயம். நாங்கள் எட்டு நூற்றுவீதமே வைத்து, 3.6 மில்லிமீற்றர் பருமனிற் செய்து, பத்துப் பாகைக்கு மேல் திரும்பாதவாறு கருவியிலேயே எல்லை வகுத்தோம். சிறு திருப்பத்துக்கும் கலம் இப்பொழுது செவிசாய்க்கின்றது.

தீராத குறையொன்றும் உண்டு. நம் களப்பு ஆழமற்றது, கடற்சாதாழை மிகுந்தது. எவ்வளவு நல்ல முகமாயினும் முன்விளிம்பில் ஒரு சாதாழை இலை குறுக்கே மாட்டிக்கொண்டால், அரை மில்லிமீற்றர் வளைவாரைக்குப் பட்ட பாடெல்லாம் வீண். செட்டையின் அடியைப் பின்னோக்கிச் சாய்த்தால் இலை வழுக்கிச் செல்லும். ஆனால் ஈயக்குண்டும் பின்னே போய்க் கலத்தின் சமநிலை கெடும். எவ்வளவு சாய்க்கலாம் என்பதை இப்பொழுது அம்மாணவன் ஆராய்ந்துகொண்டிருக்கின்றான். அவன் சாதாரண தரப் பரீட்சையிற் சித்தியடைந்தான். தமிழிற் சாதாரண சித்திதான். தந்தையார் வந்து, உயர்தரத்திற் பொறியியற் றொழினுட்பம் படிக்கட்டும், கடல் எங்கேயும் போய்விடாது என்று சொல்லிச் சென்றார். கருவித் தொகுதி உப்பு நீக்கி உலர்த்தப்பட்டு நலமாயிருக்கின்றது. தகர அச்சுகள் இரண்டும், பழைய கொழுத்த செட்டையும், தொழிற்கூடத்து மேற்குச் சுவரில் ஆணியில் தொங்குகின்றன. விழாவுக்கு வரும் பழைய மாணவர் எடுத்துப் பார்க்கலாம்.